நடக்கப் போனவரும் பக்கத்தில் இருந்தவரும்

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கிற ஒருத்தி எதையெல்லாம் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறாள் என்ற நினைப்பு கொஞ்ச காலமாகவே என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. கணக்கையும் தமிழையும் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. பாடநூல் கிடைக்கிறது, எனக்குத் தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆட்கள் இருக்கிறார்கள், மகளுக்கும் படிப்பில் பிரியம் இருக்கிறது. அரிப்பதெல்லாம் உடம்பைப் பற்றித்தான். அவள் உடம்பு, அத்தையின் உடம்பு, கடைசியாக என் உடம்பு. படிப்பை வீட்டுக்குள் கொண்டுவந்த அன்றே இந்த மூன்றின் பொறுப்பும் கூடவே உள்ளே வந்துவிட்டது. வந்தது எனக்குத் தெரியவே ரொம்ப நாளாயிற்று. இரவில் மகள் புரண்டு படுத்தால் விழித்துக்கொள்வதும், விழித்ததும் அவள் மூச்சில் விசில் சத்தம் இருக்கிறதா என்று காது கொடுப்பதும், இல்லை என்று உறுதியானபின் நாளைக்கு என்ன கீரை கிடைக்கும் என்று யோசித்தபடி தூங்கப் பார்ப்பதும் பாடத்திட்டத்தில் சேருமா சேராதா என்று யாரிடம் கேட்பது?

எங்கள் பாஞ்சாலங்குறிச்சிக்காரர்களுக்கு எட்டயபுரம் என்றதும் பழைய பகைதான் நினைவுக்கு வரும். எனக்கு இப்போதெல்லாம் 1956 நினைவுக்கு வருகிறது. காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது அந்த ஊரில்தான். ஆடு மேய்க்கப் போகும் பிள்ளை சோறு கிடைத்தால் பள்ளிக்கு வரும் என்ற கணக்கு அது. அன்றிலிருந்து தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் என்பது எழுத்தும் சோறும் சேர்ந்த இடமாகத்தான் இருந்துவருகிறது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், பிறகு முட்டை வந்தது. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் காலை உணவு தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. பக்கத்து வீட்டுப் பையன் கையில் தட்டோடு கிளம்பும்போது இன்றைக்குக் கிச்சடியா பொங்கலா என்று என் மகள் வேலி ஓரம் நின்று கேட்பாள். அவளுக்கு நான் கம்மங்கூழோ தோசையோ கொடுத்திருப்பேன், வயிற்றில் குறை இருக்காது. ஆனாலும் அந்தக் கேள்வி என்னைத் தைக்கும். அந்தப் பையனுக்குப் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பூச்சி மாத்திரை வாயில் போட்டுவிடுவார்கள். ஐந்து வயதிலிருந்து ரோஸ் நிற இரும்புச்சத்து மாத்திரை, பத்து வயதானால் நீல மாத்திரை. ஆண்டுக்கு ஒரு தடவை மருத்துவக் குழு வேனில் வந்து கண்ணையும் பல்லையும் நெஞ்சையும் பார்த்துவிட்டுப் போகும். அவன் அம்மா உளுந்து பறிக்கப் போயிருப்பாள். அவள் மறந்தாலும் பையனுக்கு அந்த மாத்திரை தப்பாது, அவளுக்காக ஒரு அரசாங்கம் நினைவு வைத்திருக்கிறது. என் வீட்டில் அந்த நினைவு மொத்தமும் என் ஒருத்தியிடம் இருக்கிறது.

எதற்காக இப்படி என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய தத்துவம் கிடையாது. கொரோனாவில் மூடிய பள்ளிகள் சிறு வகுப்புகளுக்கு மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1இல். அதற்குள் மகளுக்கு வீசிங் வந்துவிட்டிருந்தது. இந்தக் கரிசல் காட்டில் மூச்சுக்குப் பகை பல வகை. மாசி பங்குனியில் களத்தில் வற்றல் காயும், காற்று திரும்பினால் தெருவே தும்மும். ஆடியில் புழுதி. எந்த மாதம் என்றில்லாமல் கரிமூட்டம். சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளுக்குள்ளே புகையவிட்டுக் கரி எடுப்பார்கள். மழையை நம்பிய பூமியில் அது பல வீட்டு அடுப்பை எரியவைக்கிற தொழில், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தப் புகை சாயங்காலம் தரையோடு தவழ்ந்து வரும்போது நான் ஜன்னலைச் சாத்துகிறேன். பள்ளி திறந்தபின் கொஞ்சம் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று நிறுத்திவைத்தோம். வீட்டில் அவள் கேள்வி கேட்டுக் கேட்டுப் படிக்கிற விதம் எனக்கும் அவள் அப்பாவுக்கும் பிடித்துப்போயிற்று. அப்படியே நின்றுவிட்டது. சட்டம் என்ன சொல்கிறது என்று பிறகுதான் தேடிப் படித்தேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது, சேர்க்காதவருக்குத் தண்டனை எதையும் சொல்லவில்லை. அரசியலமைப்பின் 51அ பிரிவில் 2002இல் சேர்ந்த உட்பிரிவு, ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் கல்வி பெறும் வாய்ப்பைத் தரச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது, அதில்தான் எங்கள் குடும்பம் நின்றுகொண்டிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தருகிற எமிஸ் நம்பர் இல்லாத பிள்ளை. பன்னிரண்டரை வயதானால் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம், பதினான்கானால் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதலாம். அதுவரை, கோடையில் ஆசிரியர்கள் வீடு வீடாக வந்து எடுக்கிற பள்ளி செல்லாப் பிள்ளைகள் கணக்கில் உப்பளத்துக்கும் செங்கல் சூளைக்கும் வேலைக்குப் போகிற பிள்ளைகளோடு என் மகளும் ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. வேலைக்குப் போகிற அந்தப் பிள்ளைகளை எப்படியாவது கண்டுபிடிக்க வேண்டுமே என்றுதான் அந்த ஆசிரியர்கள் வெயிலில் அலைகிறார்கள்.

காலையில் வெயில் ஏறுவதற்குள் நாங்கள் நடக்கப் போவோம். 1974இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டைக்குச் சுற்றுலா பஸ்கள் வரும், அந்தப் பக்கம் நாங்கள் அதிகம் போவதில்லை. பழைய கோட்டை இருந்த மேட்டுப் பக்கம் போவோம். 1801இல் இங்கே சண்டையிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற வெள்ளை அதிகாரி 1830இல் தன் ராணுவ நினைவுகளைப் புத்தகமாகப் போட்டார். கோட்டை முழுக்க மண்ணால் ஆனது, இரண்டு பக்கம் ஏறத்தாழ 500 அடி, மற்ற இரண்டு பக்கம் ஏறத்தாழ 300 அடி என்று அதில் எழுதியிருக்கிறார். மகள் கூட்டிப் பார்த்து 1600 அடி என்றாள். மீட்டருக்கு மாற்றச் சொன்னேன். அரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியென்றால் நாம் கோட்டையை நான்கு சுற்றுச் சுற்றினால் இரண்டு கிலோமீட்டர் நடந்த மாதிரி என்று அவளே சொன்னாள். கணக்கும் சரித்திரமும் நடையும் ஒன்றாகிவிட்ட அந்தக் காலைதான் வீட்டுக் கல்வியைப் பற்றி எனக்கு இருக்கிற மிகப் பெரிய சந்தோஷம். வெல்ஷ் எழுதியதில் அவளுக்கு அதைவிடப் பிடித்தது ஊமைத்துரைதான். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரியில் தப்பிவந்து, இடித்துப்போட்ட கோட்டையைச் சில நாளில் மண்ணால் மறுபடி எழுப்பியவர். பேச்சு வராது. இடது உள்ளங்கையில் சின்னச் சின்ன வைக்கோல் துணுக்குகளை வைத்து இது வெள்ளைக்காரப் படை என்று காட்டி, வலது கையால் வீசித் துடைத்து வாயால் விர்ரென்று ஒரு சத்தம் எழுப்பினால் ஆட்களுக்கு அது தாக்குதல் உத்தரவு. எதிரியாக நின்ற ஒருவர் அந்த மனிதரை அத்தனை மரியாதையோடு எழுதிவைத்திருக்கிறார். இந்த ஆளை யார் எப்படிப் படிக்கவைத்திருப்பார்கள் என்று மகள் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரைச் சின்ன வயதில் கவனித்து, அவர் கைகளின் பேச்சைப் புரிந்துகொண்டு, மற்றவர்களுக்கும் புரியவைத்த ஒரு பெண் அந்த வீட்டில் இருந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அவளைப் பற்றி வெல்ஷுக்கு என்ன தெரிந்திருக்கப்போகிறது!

அந்த நடை யாருடைய நடை என்பதில்தான் சிக்கல். மகளின் வேகத்துக்கு நடக்கிறேன். அவள் நின்றால் நிற்கிறேன். ஓணானைப் பார்க்க, உடை முள்ளைத் தட்டிவிட, கேள்வி கேட்க, மூச்சு வாங்க நிற்கிறாள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கின்படி பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிடம் உடல் உழைப்பு வேண்டும், பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும். மகளின் 60 நிமிடத்தை நான் காபந்து பண்ணி வைத்திருக்கிறேன். என் 150 நிமிடத்தைத் தேடினால் கிடைக்கவில்லை. வீட்டு வேலை உழைப்பில்லையா என்று கேட்கலாம். அந்த நிறுவனமும் அதை ஒதுக்கிவிடவில்லை. இந்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் கூலியில்லாமல் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம், செய்கிற ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. குடம் தூக்கி, குனிந்து பெருக்கி, அடுப்படியில் நின்று கழிகிற அந்த நிமிடங்களில் கால் வலிக்கிறது, இடுப்பு வலிக்கிறது. உடம்பு தேறுகிறதா என்பது வேறு விஷயம். இதில் என் மாதிரிப் பெண்ணின் பாட நேரம் சேரவே இல்லை. ரத்த ஓட்டம் பாடம் நடத்திய அன்று மகள் தன் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி எண்ணினாள், பிறகு என்னுடையதை எண்ணினாள். உனக்கு ஏன்மா சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்று கேட்டாள். அத்தை கட்டிலில் இருந்தபடி, “அவளுக்கு உடம்புல ரத்தமே இல்ல தாயி, முருங்கக்கீரையெல்லாம் உன் தட்டுக்குல்லா போகுது” என்றார்கள். அத்தை வேடிக்கையாகச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் பாதிப் பெண்களுக்கு மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அத்தைக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பெண் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையைத் தேடியும், சர்க்கரையும் பிரஷரும் உள்ள முதியவரைத் தேடியும் வருகிறவர்கள் இருக்கிறார்கள். நடுவயதில் நிற்கிற என்னைத் தேடி யாரும் வருவதில்லை. நானாகத்தான் போக வேண்டும், போவதற்கு யாராவது மகளோடு இருக்க வேண்டும்.

இதையெல்லாம் யோசிக்கும்போது காந்தியின் சத்தியசோதனைக்குத் திரும்பத் திரும்பப் போகிறேன். வீட்டுக் கல்வி, பத்தியம், வைத்தியம், நடை எல்லாவற்றையும் ஒரே குடும்பத்தின் மேல் பரீட்சித்துப் பார்த்து, ஒளிக்காமல் எழுதியும் வைத்தவர் அவர். டர்பனில் வெள்ளையர் பள்ளி அவர் பிள்ளைகளுக்கு மட்டும் சலுகையாகத் திறக்கும் என்றபோது, மற்ற இந்தியப் பிள்ளைகளுக்கு இல்லாதது வேண்டாம் என்றார். மாதம் ஏழு பவுனுக்கு ஓர் ஆங்கிலப் பெண்ணை வைத்தார், மீதியைத் தானே சொல்லிக்கொடுத்தார். பிறகு ஜோஹானஸ்பர்க்கில் அதற்குக் கிடைத்த நேரம் அலுவலகத்துக்கு நடந்து போய் வருகிற ஐந்து மைல்தான். பிள்ளைகள் கூட நடப்பார்கள், பேச்சிலேயே பாடம் நடக்கும், உடம்புக்கும் நல்லது. கோட்டை மேட்டைச் சுற்றுகிற எனக்கு அந்த ஐந்து மைல் எவ்வளவு நெருக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் என்னை அந்தப் புத்தகத்தில் பிடித்து நிறுத்துவது இன்னொரு நடை. 1902இல் பம்பாயில் மகன் மணிலாலுக்கு டைபாய்டும் நிமோனியாவும் சேர்ந்து வந்தது. பையனுக்குப் பத்து வயது. பார்சி மருத்துவர் முட்டையும் கோழி ரசமும் கொடுக்கச் சொன்னார், காந்தி மறுத்தார். தண்ணீர் வைத்தியம் செய்தார். காய்ச்சல் 104 டிகிரியில் நின்றது. ஓர் இரவு ஈரத் துணியில் பையனைச் சுற்றிப் போர்த்திவிட்டு, அவன் அம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மனம் ஆறுவதற்காகச் சௌபாத்திக் கடற்கரைக்கு நடக்கப் போனார். நடந்தபடி ராம நாமம் சொன்னார். திரும்பி வந்தபோது பையனுக்கு வேர்த்திருந்தது. காய்ச்சல் இறங்கியது, பையன் பிழைத்தான். அந்த நடையில் அவர் பட்ட வேதனையை நான் குறைத்து எண்ணவில்லை. படிக்கிற ஒவ்வொரு தடவையும் என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனால் அவர் போய் வந்த நேரமெல்லாம் அந்த அறையில் கஸ்தூரிபா என்ன செய்துகொண்டிருந்தார்? வேர்வை முதலில் துளிர்த்ததை அவர்தான் பார்த்திருப்பார். கோழி ரசம் கொடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்குமா? அந்தப் பக்கத்தில் அவருக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் இடம் இல்லை.

ஒருவர் நடக்கப் போக ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில் தப்பில்லை. இங்கே பத்துப் பன்னிரண்டு கல் தொலைவில் கடல் இருக்கிறது. தூத்துக்குடியில் 1961 வரை அரசு முத்துக்குளிப்பு நடந்தது. கல்லைக் கட்டிக்கொண்டு கீழே போகிறவருக்கு மேலே ஒருவர் கயிறு பிடிப்பார், கயிறு அசைகிற விதத்தில் எப்போது இழுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எடுத்துவந்த சிப்பியில் கயிறு பிடித்தவருக்கும் பங்கு உண்டு. வீட்டில் அந்தப் பங்கு எப்படிப் பிரிகிறது என்று யாரும் பேசிவைத்துக்கொள்வதில்லை. என் கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்டு வேலை. இரவு ஷிப்டு முடிந்து வந்து, தூங்காமல் மகளுக்கு அறிவியல் சோதனை செய்து காட்டுகிற மனிதர். அந்த ஒரு மணி நேரம் அவளுக்குத் திருவிழா. மற்ற மணிகள் எல்லாம் எனக்கு. அவரிடம் குறை என்று சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மகள் பெரியவளாகித் தன் படிப்பைப் பற்றி யாரிடமாவது சொல்லும்போது அந்தத் திருவிழாவைத்தான் சொல்வாள். அதை இப்போதே என்னால் கேட்க முடிகிறது.

இன்னொன்றும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஏட்டுக் கல்வி போதுமான அளவு தர முடியாமல் போனதில் அவர்களுக்கும் தனக்கும் வருத்தம் உண்டு என்றும், மூத்தவர் அதைத் தன்னிடமும் வெளியிலும் சொன்னார் என்றும், மற்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள் என்றும் காந்தியே எழுதுகிறார். அந்த மூத்தவர் ஹரிலாலின் வாழ்க்கை எங்கே போய் முடிந்தது என்பது ஊரறிந்தது. எல்லாத் துக்கத்தையும் பள்ளிக்கூடத்துக்குப் போகாததன் மேல் போட முடியாது. ஆனாலும் ஒரு பெற்றோரின் நம்பிக்கைக்குப் பிள்ளை செலுத்துகிற விலை என்ற ஒன்று இருக்கிறது. என் நம்பிக்கை காந்தியினுடையதைப் போலப் பெரியதும் இல்லை. புகைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியதில் தொடங்கியது. பயத்தில் தொடங்கியது நாளடைவில் கொள்கை மாதிரி ஆகிவிடுகிறது, பிறகு நாமே அதற்குக் காரணம் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். வந்த விருந்தாளியிடம் நான் கேள்வி கேட்டுப் படிப்பது, இயற்கையோடு படிப்பது என்றெல்லாம் பேசிக்கொண்டிருக்கையில் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வையைப் படிக்க எனக்கு இன்னும் வரவில்லை.

தூத்துக்குடியில் அவளைப் பார்க்கிற மருத்துவர் ஒவ்வொரு தடவையும் ஒன்றையே சொல்கிறார். மூச்சு கட்டுக்குள் இருக்கிறது, இனி ஓடட்டும், விளையாடட்டும், ஓடினால்தான் நுரையீரலும் நெஞ்சும் பலப்படும், வேண்டுமானால் ஓடும் முன் பம்பு இரண்டு தடவை. இங்கே இன்ஹேலரைப் பம்பு என்பார்கள், பழகிப்போய்விடும் என்று அதற்குப் பயப்படுவார்கள். அத்தைக்குச் சுக்கும் கருப்பட்டியும் தூதுவளையும் போதும். நான் இரண்டையும் கொடுக்கிறேன். பம்புக்கு நான் பயப்படவில்லை, ஓட்டத்துக்குப் பயப்படுகிறேன். தனியாக எவ்வளவு ஓட முடியும்? துரத்த ஒரு ஆள் வேண்டும், தோற்கடிக்க ஒரு ஆள் வேண்டும். கோவில்பட்டிப் பக்கம் பிள்ளைகள் ஹாக்கி மட்டையோடுதான் வளர்வார்கள், இங்கே கபடி. சாயங்காலம் பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் களத்தில் கோடு போடும்போது இவளும் போய் நிற்பாள். ஆனால் அவர்களுக்குள் பகலெல்லாம் நடந்த சண்டை, சிரிப்பு, டீச்சருக்கு வைத்த பட்டப்பெயர் எல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். இவள் நடுவில் வந்து சேர்ந்த ஆள். பாடத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இத்தனை பிள்ளைகளை எப்படிக் கொண்டுவருவேன்?

இந்தக் கோடையில் கணக்கெடுக்க வந்த ஆசிரியை திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, மகளோடு கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தார். “நல்லாப் படிக்கவச்சிருக்கீங்கக்கா. ஆனா ஒன்னு சொல்லுதேன், தப்பா நினைக்காதீங்க. வயசுக்கேத்த வகுப்புல எந்த மாசம் வந்தாலும் நாங்க சேத்துக்கிடணும், டிசி இல்லைன்னு திருப்பி அனுப்பக்கூடாது, அப்படித்தான் சட்டம். சேருததும் சேராததும் உங்க இஷ்டம். மெடிக்கல் டீம் வார அன்னைக்கு மட்டுமாவது கூட்டிட்டு வாங்க, நான் டாக்டர்கிட்ட கேட்டுக்கிடுதேன்” என்றார். அவர் போனபின் மகளிடமே கேட்டோம். ஆறாம் வகுப்புக்குப் போகிறேன் என்றாள். உடனேயே, பம்பை என் பையில் வைத்திருக்க விடுவார்களா, விடமாட்டார்களா என்று கேட்டாள். அதற்குப் பதில் யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கு மூச்சு முட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று பள்ளியில் கொடுப்பதற்கு ஒரு தாளில் எழுத உட்கார்ந்தேன். நிமிர்ந்து உட்காரவைக்க வேண்டும், ஸ்பேசரில் மாட்டிக் கொடுக்க வேண்டும், பேசக்கூட முடியவில்லை என்றால் 108ஐக் கூப்பிட வேண்டும், சாக்பீஸ் தூசிக்குப் பக்கத்தில் உட்காரவைக்கக் கூடாது, பயந்தால் கையைப் பிடித்துக்கொண்டால் போதும். எழுத எழுத இரண்டு பக்கம் வந்தது. இத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் யார் படிப்பார்கள் என்று அடித்து அடித்து அரைப் பக்கமாக்கினேன். மகள் வாங்கிப் படித்தாள். எல்லாம் சரி என்றாள். கடைசியில், வேகமாக ஓட விடாதீர்கள் என்று எழுதியிருந்த வரியை மட்டும் பென்சிலால் அடித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.